"விற்பதில்லை" என்கிறார்களே, பிறகு என் தகவல் எப்படி வெளியே போகிறது?

நீங்கள் கேட்டது இது: அம்மாவுக்காக ஒரு மருந்து நினைவூட்டும் செயலியை இறக்கி, அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை அதில் பதிந்தீர்கள். இரண்டே நாளில், சம்பந்தமே இல்லாத ஒரு வீடியோ தளத்தில் அதே நோய்க்கான விளம்பரம் வர ஆரம்பித்தது. செயலியின் தனியுரிமைக் கொள்கையைத் திறந்தால் "உங்கள் தகவலை நாங்கள் யாருக்கும் விற்பதில்லை" என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது. பொய் சொல்கிறார்களா, இல்லை வீட்டில் பேசுவதை ஃபோன் ஒட்டுக்கேட்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியின் அடியில் இருப்பது வேறொன்று என்று தோன்றுகிறது. யாரும் விற்காமலே ஒரு தகவல் இன்னொருவர் கைக்கு எப்படிப் போய்ச் சேர முடியும்? நீளமாகச் சொல்ல வேண்டியது அதைத்தான்.

14 வருடமாக மொபைல் செயலிகள் எழுதும் தொழிலில் இருக்கிறேன். அதில் கடைசி 6 வருடம், பிறர் எழுதிய செயலிகளிலிருந்து என்னென்ன வெளியே போகிறது என்று பார்த்துச் சொல்வதே முழுநேர வேலை. நான் வக்கீல் இல்லை. சட்டம் வரும் இடங்களில் தீர்ப்பாகவோ உத்தரவாகவோ வெளிவந்ததை மட்டும் சொல்கிறேன். உங்கள் அம்மாவின் செயலியை நான் திறந்து பார்க்காததால், அதில் இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். இந்த வகைச் செயலிகளில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன்.

"விற்பதில்லை" என்பது பெரும்பாலான சமயம் சொல்லுக்குச் சொல் உண்மைதான். உங்கள் தகவலை ஒரு கோப்பில் போட்டு, விலை பேசி, காசு வாங்கிக்கொண்டு யாரும் அனுப்புவதில்லை. வேறொரு நிறுவனத்தின் கருவியைத் தங்கள் செயலிக்குள் இலவசமாக வைத்துக்கொள்கிறார்கள்; அந்த நிறுவனம் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்கிறது. காசு கை மாறவில்லை, ஆகவே விற்பனை இல்லை என்பது வாதம். கலிஃபோர்னியா மாநிலச் சட்டத்தில் இந்த வாதம் நிற்காது. காசு வாங்காவிட்டாலும், வேறு ஏதாவது ஆதாயத்துக்காகத் தகவலைக் கொடுத்தால் அங்கே அதுவும் விற்பனைதான். செஃபோரா என்ற அழகுசாதன நிறுவனம் 2022 ஆகஸ்டில் 12 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது இப்படிப்பட்ட வழக்கில்தான். தன் தளத்துக்கு வருபவர்கள் என்ன பார்க்கிறார்கள், எதைக் கூடையில் போடுகிறார்கள் என்பதைப் பிற நிறுவனங்கள் கவனிக்க இடம் கொடுத்து, பதிலுக்கு விளம்பர வசதிகளையும் புள்ளிவிவரங்களையும் பெற்றுக்கொண்டது. இதை விற்பனை என்று வாடிக்கையாளரிடம் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. அதனால் கொள்கையில் அந்த வரியைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். "விற்கிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "உள்ளே வேறு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும்.

உள்ளே இன்னொருவர் எப்படி வருகிறார்? செயலி எழுதுபவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. செயலி எங்கே உடைந்து நிற்கிறது என்று அறிய ஒரு நிறுவனத்தின் நிரல் தொகுப்பு, எத்தனை பேர் வந்துபோனார்கள் என்று எண்ண இன்னொன்று, விளம்பரம் காட்ட மற்றொன்று, ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டு உள்ளே நுழைய வேறொன்று. தொழிலில் இவற்றை எஸ்டிகே என்போம். சில வரிகள் எழுதினால் சேர்த்துவிடலாம். சேர்த்த பிறகு அது செயலியின் உடம்போடு ஒட்டிவிடுகிறது. நீங்கள் செயலிக்கு லொகேஷன் அனுமதி கொடுத்தால், பொதுவாக அதற்குள் இருக்கும் எல்லா எஸ்டிகேக்களுக்கும் சேர்த்தே கொடுத்ததாகிறது. அனுமதி கேட்டவர் யார், உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்று ஃபோன் பிரித்துப் பார்ப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் சோதனைக்கு வந்த ஒரு செயலியைப் பற்றிச் சொன்னால் தெளிவாகும். அதுவும் மருந்து நினைவூட்டும் செயலிதான்; பெயர் வேண்டாம். ஏற்கெனவே பலர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், புதிய பதிப்பு வெளியிடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று கொடுத்தார்கள். ஃபோனுக்கும் இணையத்துக்கும் நடுவில் ஒரு கணினியை வைத்து, ஃபோனிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு செய்தியையும் பிரித்துப் படிப்பது என் வழக்கம். செயலியைத் திறந்தேன். "ஒப்புக்கொள்கிறேன்" பொத்தான் இருக்கும் முதல் திரை வந்தது. நான் இன்னும் விரலை வைக்கவில்லை. அதற்குள் ஐந்து வெவ்வேறு நிறுவனங்களின் சர்வர்களுக்குச் செய்தி போய்விட்டது. ஃபோனின் மாடல், இயங்குதளப் பதிப்பு, திரை அளவு, மொழி, நேர மண்டலம், சிம் எந்த நிறுவனத்துடையது, பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, இவற்றோடு அந்த ஃபோனின் விளம்பர அடையாள எண், அதாவது எந்த ஃபோன் என்று விளம்பர நிறுவனங்கள் அடையாளம் காண உதவும் எண்.

அப்புறம் ஒரு மாத்திரையின் பெயரைப் பதிந்து அதன் விவரப் பக்கத்தைத் திறந்தேன். நடுவிலிருந்த கணினியில் புதிதாக ஒரு வரி விழுந்தது. திரை பார்க்கப்பட்டது என்று ஒரு குறிப்பு, திரையின் தலைப்பு என்ற இடத்தில் அந்த மாத்திரையின் பெயர். செயலியை எழுதியவரைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. மருந்துப் பெயரை அனுப்பு என்று அவர் எந்த இடத்திலும் எழுதவில்லை. எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவதற்காக அவர் சேர்த்த எஸ்டிகே, எந்தத் திரை திறந்தாலும் அதன் தலைப்பைத் தானாகவே அனுப்பும்; நாமாகப் போய் நிறுத்தினால்தான் நிற்கும். அவரோ, வயதானவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று மாத்திரையின் பெயரையே திரையின் தலைப்பாகப் பெரிய எழுத்தில் வைத்திருந்தார். இந்த இரண்டும் சேர்ந்ததில், ஒவ்வொருவருடைய மருந்துப் பட்டியலும் விளம்பர அடையாள எண்ணோடு சேர்ந்து மாதக்கணக்காக வெளியே போய்க்கொண்டிருந்தது. கொள்கையில் "விற்பதில்லை" என்ற வரி இருந்தது. எழுதியவர் அதை மனதார நம்பித்தான் எழுதியிருந்தார்.

நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை இந்த ரகம். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, யாரும் கவனிக்காமல் விட்டது. ஆனால் நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அதனால்தான் "வேண்டுமென்று செய்யவில்லை" என்ற பதிலை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஒருவருடைய நோயைப் பற்றிய தகவலைக் கையில் வாங்குகிறவர், தன் வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பெரிய பெயர்களும் இதில் சிக்கியிருக்கின்றன. 10 கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய ஃப்ளோ என்ற மாதவிடாய்க் கணக்குச் செயலி மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கை 2021-ல் சமரசமாக முடிந்தது. ஒரு பெண் தான் கர்ப்பத்தின் எந்த வாரத்தில் இருக்கிறார் என்று தேர்ந்தெடுத்தால், அந்த நிகழ்வு படித்த மாத்திரத்தில் பொருள் புரியும் பெயரோடு ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களின் எஸ்டிகே வழியாக வெளியே போனது என்பது புகார். மருந்து விலைத் தள்ளுபடி தரும் குட்ஆர்எக்ஸ் 2023-ல் 15 லட்சம் டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் அதே வருடம் 78 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. இவற்றில் பெட்டர்ஹெல்ப் கதைதான் என்னை அதிகம் பாதித்தது. ஆலோசனை தேடி வந்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகள், இவர்களைப் போன்ற வேறு ஆட்களைக் கண்டுபிடித்து விளம்பரம் காட்டுவதற்காகச் சமூக வலைத்தளங்களுக்குக் கொடுக்கப்பட்டன. உடைந்துபோய் உதவி கேட்டு வந்தவருடைய முகவரி, அடுத்த வாடிக்கையாளரைத் தேடும் தூண்டிலாகிவிட்டது.

இணையதளங்களில் இதே வேலையைப் பிக்சல் என்ற சிறு நிரல் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரவழைப்பார்கள். படம் கேட்டுப் போகும்போதே, எந்தப் பக்கத்திலிருந்து, எந்தக் குக்கீயோடு (பிரவுசரில் தளங்கள் விட்டுவைக்கும் சிறு அடையாளக் குறிப்பு), எந்த ஐபி முகவரியிலிருந்து (உங்கள் இணைய இணைப்பின் எண்) என்ற விவரமும் கூடவே போய்விடும். அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகள் 100-ஐ எடுத்து தி மார்க்அப் என்ற செய்தி நிறுவனம் 2022-ல் சோதித்தபோது, அவற்றில் 33-ன் தளங்களில், டாக்டரிடம் நேரம் கேட்கும் பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி ஃபேஸ்புக்குக்குப் போவதைக் கண்டது.

அடுத்தது விளம்பர ஏலம். பொதுவெளியில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் அளவில் இதுவே பெரிது. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள், அதில் விளம்பரத்துக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அந்த இடம் ஏலத்துக்குப் போய், ஒருவர் ஜெயித்து, அவருடைய விளம்பரம் உங்கள் திரைக்கு வந்துவிடுகிறது. ஏலம் கேட்பவர்களுக்குப் பொருளைக் காட்ட வேண்டுமே? ஒரு சீட்டு அனுப்புகிறார்கள். அதில் நீங்கள் திறந்த பக்கத்தின் முகவரி அல்லது செயலியின் பெயர், ஃபோன் மாடல், ஐபி முகவரி, விளம்பர அடையாள எண் எல்லாம் இருக்கும். செயலிக்கு லொகேஷன் அனுமதி இருந்தால் அட்சரேகை தீர்க்கரேகையும், தெரிந்திருந்தால் பிறந்த வருடமும் பாலினமும் வரும். ஏலத்தில் ஜெயிப்பவர் ஒருவர். சீட்டு போய்ச் சேர்வதோ பல நிறுவனங்களுக்கு. தோற்றவர்கள் அதைப் படித்துவிட்டுத் தூக்கி எறிய வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. எறிந்தார்களா என்று பார்க்கச் சீட்டை அனுப்பியவருக்கு நடைமுறையில் வழியே இல்லை. சிவில் உரிமைகளுக்கான ஐரிஷ் கவுன்சில் 2022-ல் வெளியிட்ட கணக்குப்படி, இந்த ஏல முறையில் ஒருவருடைய விவரம் அமெரிக்காவில் நாளொன்றுக்குச் சராசரியாக 747 முறையும் ஐரோப்பாவில் 376 முறையும் வெளியே வீசப்படுகிறது.

சீட்டில் உங்கள் பெயர் இருக்காது என்பது உண்மை. ஆனால் செயலியின் பெயரே போதுமான தகவலாகிவிடும் இடங்கள் உண்டு. தன்பாலின ஈர்ப்பாளர்கள் துணை தேடும் கிரைண்டர் செயலிக்கு நோர்வேயின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2021 டிசம்பரில் 6.5 கோடி குரோன் அபராதம் போட்டது. இருப்பிடம், ஐபி முகவரி, விளம்பர அடையாள எண், வயது, பாலினம் ஆகியவற்றை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்தது குற்றம். அந்தச் செயலியில் ஒருவர் இருக்கிறார் என்பதே அவருடைய அந்தரங்கம் என்று அந்த அமைப்பு எடுத்துக்கொண்டது. மருந்துச் செயலிகளுக்கும் இதே நியாயம் பொருந்தும் என்பது என் கருத்து.

சரி, ஒரு செயலியில் பதிந்தது வேறொரு வீடியோ தளத்துக்கு எப்படித் தெரிந்தது? இரண்டு இடத்தில் இருப்பதும் ஒரே ஆள்தான் என்று இணைத்துப் பார்க்க ஒரு சாவி வேண்டும். நான் மேலே பல முறை சொன்ன விளம்பர அடையாள எண் ஒரு சாவி. அந்த ஃபோனில் இருக்கும் எல்லாச் செயலிகளும் அதே எண்ணைத்தான் பார்க்கும். இன்னொரு சாவி உங்கள் மின்னஞ்சல் முகவரியும் ஃபோன் எண்ணும். இவற்றை அப்படியே அனுப்பாமல் ஹேஷ் செய்து, அதாவது திரும்பப் படிக்க முடியாத ஒரு நீண்ட குறியீடாக மாற்றித்தான் அனுப்புகிறோம், ஆகவே பாதுகாப்பானது என்பார்கள். இதை நம்பாதீர்கள். ஒரே முகவரியை யார் ஹேஷ் செய்தாலும் ஒரே குறியீடுதான் வரும். மருந்துச் செயலி உங்கள் முகவரியை மாற்றி அனுப்புகிறது. வீடியோ தளமும் தன்னிடம் இருக்கும் முகவரிகளை அதே மாதிரி மாற்றி வைத்திருக்கிறது. இரண்டு குறியீடும் ஒத்துப்போனால் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. ஹேஷ் செய்வதே இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலைக்காகத்தான். நாளைக்கே அடையாள எண்ணை அழித்துவிட்டாலும், 10 வருடமாக வைத்திருக்கும் மின்னஞ்சல் முகவரியை யாரும் மாற்றுவதில்லை.

பெயரை எடுத்துவிட்டோம், இனி இது யாருடைய தகவலும் அல்ல என்ற பேச்சும் அப்படித்தான். 15 லட்சம் பேருடைய மொபைல் இருப்பிடப் பதிவுகளை, பெயரில்லாமல், ஆராய்ந்த ஒரு குழு 2013-ல் கண்டது இது: எந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தின் அருகே இருந்தார் என்ற விவரம் நான்கே நான்கு கிடைத்தால், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிடலாம். இரவில் ஃபோன் இருக்கும் இடம் வீடு, பகலில் இருக்கும் இடம் வேலை. நம்மில் பெரும்பாலானோருக்கு அந்த இரண்டே போதும்.

இதுவரை சொன்னது விற்காமல் போகும் வழிகள். நேரடியாகக் காசுக்கு விற்பதும் நடக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. அவாஸ்ட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம், பின்தொடர்பவர்களிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி மக்கள் நிறுவிக்கொண்ட மென்பொருள் மூலமே அவர்கள் பார்த்த தளங்களின் பட்டியலைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக 100-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்றது. 2024-ல் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டிவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களிலிருந்து ஓட்டுநர் எங்கே சடாரென்று பிரேக் போட்டார், எவ்வளவு வேகத்தில் போனார் என்ற பதிவுகள், ஓட்டுநர்களைப் பற்றிக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அறிக்கை தரும் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் ஆகிய நிறுவனங்களுக்குப் போய், அங்கிருந்து காப்பீட்டுக் கட்டணம் வரை பாதித்ததை நியூயார்க் டைம்ஸ் 2024 மார்ச்சில் வெளியிட்டது. அதற்கு அடுத்த ஜனவரியில், இத்தகைய அறிக்கை நிறுவனங்களுக்கு இந்த விவரங்களை ஐந்து வருடம் கொடுக்கக் கூடாது என்ற தடையை வர்த்தக ஆணையம் அறிவித்தது. வாசலில் நின்ற காரும் தகவல் கொடுக்கும் கருவிதான் என்று வாங்கியவர்கள் பலருக்குத் தெரியவே இல்லை.

இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நம்முடைய சம்மதமே தேவைப்படுவதில்லை. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் பிரசார ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில் ஃபேஸ்புக்கில் ஒரு குணநல வினாடிவினாச் செயலியை நிறுவியவர்கள் சுமார் 2,70,000 பேர். தகவல் போனதாக ஃபேஸ்புக்கே சொன்ன எண்ணிக்கை 8.7 கோடி பேர் வரை. நிறுவியவர்களின் நண்பர்களுடைய விவரங்களையும் எடுத்துக்கொள்ள அன்றைய ஃபேஸ்புக் விதிகள் இடம் கொடுத்திருந்தன. 2019-ல் 500 கோடி டாலர் அபராதம் வந்தது, அந்த வாசலும் 2015-லேயே மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதன் தம்பி இன்னும் இருக்கிறான். நீங்கள் ஒரு செயலிக்கு உங்கள் தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கொடுக்கும்போது, அதில் இருக்கும் அத்தனை பேருடைய எண்ணையும் அவர்களைக் கேட்காமல் கொடுக்கிறீர்கள். அம்மாவின் ஃபோன் எண், டாக்டரின் எண், எல்லாம் அதில் அடக்கம்.

மூன்றாம் தரப்பு என்றாலே தப்பு என்றும் நினைத்துவிட வேண்டாம். உங்களுக்கு ஓடிபி அனுப்பும் எஸ்எம்எஸ் நிறுவனம், பணம் செலுத்த உதவும் நிறுவனம், சர்வரை வாடகைக்கு விடும் நிறுவனம் இவர்கள் இல்லாமல் எந்தச் செயலியும் ஓடாது. ஐரோப்பியச் சட்டம் இங்கே ஒரு கோடு போடுகிறது. சொன்ன வேலையை மட்டும் சொன்னவருக்காகச் செய்பவர் ஒரு வகை. வாங்கிய தகவலைத் தன் சொந்தக் காரியத்துக்கும் பயன்படுத்துபவர் இன்னொரு வகை. பயப்பட வேண்டியது இரண்டாவது வகைக்கு. சிக்கல் என்னவென்றால், கொள்கைகளில் இரு வகையையும் "எங்கள் கூட்டாளிகள்" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். ஆப் ஸ்டோரிலும் பிளே ஸ்டோரிலும் காணப்படும் தனியுரிமைக் குறிப்புகளும் செயலி எழுதியவரே நிரப்பிக் கொடுப்பவைதான். அதிலும் பிளே ஸ்டோரின் வரையறைப்படி, சேவை செய்து கொடுக்கும் நிறுவனத்துக்கு அனுப்புவதைப் பகிர்தல் என்று காட்ட வேண்டியதில்லை.

இப்போது மைக் விஷயம். 2018-ல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். பேச்சை ரகசியமாகப் பதிந்து அனுப்பிய ஒரு செயலியும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சில செயலிகள் திரையில் நடப்பதைப் படமாக்கி வெளியே அனுப்பியது மட்டும் மாட்டியது. என் சோதனை மேசையிலும் இத்தனை வருடத்தில் பேச்சை ஒட்டுக்கேட்ட செயலி எதுவும் வரவில்லை. நடக்கவே முடியாது என்று இதற்குப் பொருள் அல்ல, ஆனால் உங்கள் அனுபவத்தை விளக்க ஒட்டுக்கேட்பது தேவையில்லை. மாத்திரைப் பெயரைக் கூகுளில் ஒருமுறையாவது தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் எல்லோரும் ஒரே வைஃபையில் இருந்தால் ஐபி முகவரியும் ஒன்றுதான். தம்பியோ தங்கையோ அவருடைய ஃபோனில் அந்த நோயைப் பற்றிப் படித்திருந்தாலும் விளம்பரம் உங்களைத் தேடி வரலாம். குறிப்பிட்ட வயதினர் எல்லோருக்கும் காட்டிய விளம்பரமாகவும் இருக்கலாம். எஸ்டிகே வழியாகப் போனது என்பது இந்தக் காரணங்களுள் ஒன்று, வலுவான ஒன்று.

எதுவென்று கண்டுபிடிக்க முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும். ஃபேஸ்புக் கணக்கு இருந்தால், அமைப்புகளில் மெட்டா தளங்களுக்கு வெளியே உங்கள் நடவடிக்கை என்ற பகுதி இருக்கிறது. எந்தெந்தச் செயலியும் தளமும் உங்களைப் பற்றி மெட்டாவுக்குச் செய்தி அனுப்பின என்ற பட்டியல் அங்கே வரும். மருந்துச் செயலியின் பெயர் அதில் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் எக்ஸோடஸ் பிரைவசி என்ற பிரெஞ்சுத் தன்னார்வ அமைப்பின் தளத்தில் செயலியின் பெயரைத் தேடுங்கள். உள்ளே இருக்கும் பின்தொடரும் எஸ்டிகேக்களைப் பெயரோடு காட்டும். உள்ளே இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும், என்ன அனுப்பியது என்பதைச் சொல்லாது. ஃபோனிலிருந்து போகாமல், செயலி நிறுவனத்தின் சர்வரிலிருந்து நேராக விளம்பர நிறுவனத்தின் சர்வருக்குப் போகும் தகவலை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது, என்னாலும் முடியாது. இப்போதெல்லாம் அந்த வழிதான் அதிகமாகிக்கொண்டு வருகிறது.

இன்றே செய்யக்கூடியவை: ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குப் போய், தனியுரிமை, விளம்பரங்கள் என்ற இடத்தில் விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிடுங்கள், அதற்குப் பிறகு கேட்கும் செயலிகளுக்கு வெறும் பூஜ்யங்கள்தான் கிடைக்கும். ஐஃபோனில் 2021 ஏப்ரல் முதல், உங்களைப் பின்தொடர விரும்பும் ஒவ்வொரு செயலியும் முதலில் அனுமதி கேட்டாக வேண்டும், எல்லாவற்றுக்கும் மறுத்துவிடுங்கள். தொடர்புப் பட்டியல் அனுமதி மருந்துச் செயலிக்கு எதற்கு? எடுத்துவிடுங்கள். நோய் சம்பந்தப்பட்ட கணக்குகளுக்கென்று வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு மின்னஞ்சல் முகவரியை வைத்துக்கொள்ளுங்கள். ஹேஷ் பொருத்தத்தை உடைக்க எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை. இன்காக்னிட்டோ இதற்கு உதவாது, அது உங்கள் கணினியில் தடம் விடாமல் இருப்பதற்கானது. ஏற்கெனவே போனதைத் திரும்ப அழைக்கவும் இவை எதனாலும் முடியாது.

கடைசியாக, அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வேன். ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று ஆஸ்திரிய அஞ்சல் நிறுவனம் தொடர்பான வழக்கில், தகவல் யாருக்குப் போனது என்று ஒருவர் கேட்டால் பெறுநர்களின் பெயரைச் சொல்ல வேண்டும், விளம்பர நிறுவனங்கள் என்று பொதுவாகச் சொன்னால் போதாது என்று தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2023 சட்டத்திலும் யார் யாரிடம் பகிரப்பட்டது என்று கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது, படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவானாலும் கேட்பதற்குத் தடை இல்லை. பதில் சொல்லும் கடமை எவ்வளவு என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறும். கொள்கையின் அடியில் தரவு அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும். அம்மாவின் கணக்கு என்பதால் அவர் பெயரிலேயே அனுப்புங்கள். "என் தகவலை விற்றீர்களா?" என்ற சொல்லே கடிதத்தில் வர வேண்டாம். இப்படி எழுதுங்கள்: "இந்தக் கணக்கைத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, உங்கள் செயலியிலிருந்தோ உங்கள் சர்வரிலிருந்தோ என்னைப் பற்றிய எந்த விவரமும், ஹேஷ் செய்யப்பட்டதும் விளம்பர அடையாள எண்ணோடு சேர்ந்ததும் உட்பட, எந்தெந்த நிறுவனங்களுக்குப் போனது? ஒவ்வொன்றின் பெயரையும், போன விவரம் என்ன என்பதையும் தெரிவியுங்கள். உங்கள் செயலியில் இருக்கும் எஸ்டிகேக்களின் பட்டியலையும் தாருங்கள்." பதில் வந்தால் இங்கே போடுங்கள், கணக்கு விவரங்களை மறைத்துவிட்டு. வரி வரியாகப் படித்துப் பார்த்து, அதில் எது சொல்லப்பட்டிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று சொல்கிறேன்.